பிரெப் எனக்குத் தேவையா? செலவு, ஆபத்து, பலன் மூன்றையும் படிப்படியாக எடைபோடுவது எப்படி

எச்ஐவி வராமல் தடுக்க பிரெப் என்று ஒரு மாத்திரை இருக்கிறது என்று முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு வருவார்கள். நிஜமாகவே வேலை செய்யுமா? உடம்பைக் கெடுத்துவிடுமா? எவ்வளவு செலவாகும்? மூன்றுக்கும் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் பதில் தெரிந்த பிறகும் முடிவெடுக்க முடியாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தைப் பற்றி எல்லாவற்றையும் படித்துவிட்டு, தங்கள் வாழ்க்கையை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரே மாத்திரை ஒருவருக்குப் பெரிய காப்பு, இன்னொருவருக்கு வீண் செலவு. அதனால் ஒரு தாளையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

தாளை எடுக்கும் முன்: இது என்ன மருந்து?

எச்ஐவி இல்லாத ஒருவர், தொற்றும் வாய்ப்பு வருவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும் மருந்துதான் பிரெப். அதிகம் பயன்பாட்டில் இருப்பது டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிடபின் 200 மில்லிகிராம் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. 2012 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைத் தடுப்புக்காக அனுமதித்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம், தொற்றும் வாய்ப்பு கணிசமாக உள்ள எல்லோருக்கும் இதைப் பரிந்துரைத்தது. மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துகளுமே எச்ஐவி உள்ளவர்களின் சிகிச்சையில் அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இருப்பவை. ஆகவே "புது மருந்து, என்ன செய்யுமோ" என்ற பயம் இங்கே வேண்டியதில்லை. இதன் குணமும் குறையும் மருத்துவர்களுக்கு நன்றாகப் பழக்கம்.

வேலை செய்யும் விதம் இதுதான். வைரஸ் நம் செல்லுக்குள் நுழைந்ததும் தன்னுடைய ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, நம் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அந்த மாற்றத்தைச் செய்து கொடுக்கும் நொதியை இந்த மருந்துகள் முடக்கிவிடுகின்றன. உள்ளே வந்த வைரஸ் பெருக வழியில்லாமல் அங்கேயே முடிந்துபோகும். ஒரே ஒரு நிபந்தனை: வைரஸ் வரும் நேரத்தில் மருந்து அங்கே இருக்க வேண்டும். தடுப்பூசி போல உடம்புக்குப் பாடம் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிற மருந்து இல்லை இது. கூடவே இருந்து காவல் காக்கிற மருந்து. கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும், மறந்துவிடாதீர்கள்.

படி 1: மூன்று மாதம் பின்னால், மூன்று மாதம் முன்னால்

தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கடந்த மூன்று மாதம். வலப்பக்கம் வரப்போகும் மூன்று மாதம்.

இடப்பக்கத்தில் எழுத வேண்டியவை: ஆணுறை இல்லாமல் உறவு நடந்ததா, எத்தனை முறை? துணையின் எச்ஐவி நிலை தெரியுமா, அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? சிஃபிலிஸ், கொனோரியா, கிளமிடியா போன்ற பால்வினை நோய் ஏதாவது வந்ததா? ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால், ஊசியையோ சிரிஞ்சையோ வேறு யாரோடாவது பகிர்ந்தீர்களா? இந்தத் தாளை யாரும் திருத்தி மதிப்பெண் போடப்போவதில்லை. உண்மையை எழுதுங்கள். மறைத்து எழுதினால் கணக்குதான் தப்பாகும்.

வலப்பக்கம்தான் முக்கியம், ஆனால் பலர் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். புது உறவு ஏதாவது தொடங்குகிறதா? பழைய உறவு முடிந்து, மறுபடி ஆட்களைச் சந்திக்க ஆரம்பித்திருக்கிறீர்களா? எச்ஐவி உள்ள துணையோடு குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா? ஆணுறை போடச் சொல்லும் அதிகாரம் உங்கள் கையில் இல்லாத உறவா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று எழுதியவர்களுக்கு, துணையின் சம்மதம் தேவைப்படாத ஒரு காப்பு கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது எண்களைப் பார்ப்போம். சிகிச்சை எடுக்காத எச்ஐவி உள்ள ஒருவரோடு, ஆணுறையோ மருந்தோ இல்லாமல் நடக்கும் ஒவ்வொரு முறைக்கும் தொற்றும் வாய்ப்பைப் பத்தாயிரத்துக்கு இத்தனை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்திருக்கிறது. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு 138. அதே உறவில் நுழைப்பவருக்கு 11. யோனி வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. ஊசியைப் பகிர்ந்தால் 63. வாய் வழி உறவில் மிக மிகக் குறைவு.

பத்தாயிரத்துக்கு 138 என்றால் சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஆனால் இது ஒரு முறைக்கான கணக்கு. இதே வாய்ப்பு 50 முறை சேர்ந்தால் மொத்தத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆகிவிடுகிறது. சுண்டிவிட்ட காசு மாதிரி. இன்னொரு பக்கம், ஒரே ஒரு முறையில் தொற்றியவர்களும் உண்டு, ஏனென்றால் இது சராசரி. துணைக்குச் சமீபத்தில்தான் தொற்றியிருந்தால் அவர் உடம்பில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். இருவரில் ஒருவருக்குப் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தாலும் வாய்ப்பு கூடும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு பெரிய கழித்தலும் உண்டு. துணைக்கு எச்ஐவி இருந்து, அவர் ஒழுங்காகச் சிகிச்சை எடுத்து, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் அவரிடமிருந்து தொற்றாது. 2019இல் வெளியான பார்ட்னர் 2 ஆய்வில் இப்படிப்பட்ட 782 ஆண் இணைகளைக் கவனித்தார்கள். ஆணுறை இல்லாத உறவுகள் சுமார் 76,000 முறை. துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே உங்கள் ஒரே துணை இந்த நிலையில் இருக்கிறார், உங்களுக்கு வேறு உறவும் இல்லை என்றால், பிரெப் உங்களுக்குக் கூடுதலாகத் தரப்போவது அதிகமில்லை. அவர் இப்போதுதான் சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார் என்றால் கதை வேறு. வைரஸ் அளவு இறங்கும் வரைக்கும் பிரெப் நல்ல பாலம்.

படி 2: பலனை எழுதுங்கள்

"99 சதவீதம் பாதுகாப்பு" என்று எங்கும் படித்திருப்பீர்கள். சொன்னபடி எடுத்துக்கொண்டால் பாலுறவு வழித் தொற்றில் அது உண்மை. ஊசி வழித் தொற்றில் குறைந்தது 74 சதவீதம் என்கிறார்கள்.

ஆனால் ஆய்வு முடிவுகளைத் தேடிப் பார்த்தால் ஒன்றில் 44 சதவீதம், இன்னொன்றில் 75, மற்றொன்றில் 86, வேறொன்றில் பலனே இல்லை என்று இருக்கும். புதிதாகப் படிக்கிறவர் குழம்பிப்போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2010இல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வில் ஆண்களும் திருநங்கைகளுமாக 2,499 பேர் கலந்துகொண்டார்கள். மருந்து கொடுக்கப்பட்ட குழுவில் தொற்று 44 சதவீதம்தான் குறைந்தது. அப்புறம் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தால், மருந்து வாங்கிய பலரின் உடம்பில் மருந்தே இல்லை. உடம்பில் மருந்து இருந்தவர்களை மட்டும் தனியாக எடுத்துக் கணக்கிட்டபோது, தொற்றும் வாய்ப்பு 92 சதவீதம் குறைந்திருந்தது. ஆப்பிரிக்கப் பெண்களிடையே நடந்த வாய்ஸ், ஃபெம்பிரெப் ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. அங்கேயும் காரணம் இதுதான், பெரும்பாலானவர்களின் இரத்தத்தில் மருந்து காணப்படவில்லை. கென்யாவிலும் உகாண்டாவிலும், இருவரில் ஒருவருக்கு எச்ஐவி இருந்த இணையர்களிடையே நடந்த ஆய்வில் மருந்தைச் சரியாக எடுத்தார்கள். 75 சதவீதம் குறைந்தது. ஒரே வீட்டில், ஒரே கவலையைப் பகிர்ந்துகொண்ட இருவர் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொண்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே தாளில் "99" என்று எழுதாதீர்கள். "நான் ஒழுங்காக எடுத்தால் 99" என்று எழுதுங்கள். டப்பாவிலேயே இருக்கும் மாத்திரை யாரையும் காப்பாற்றுவதில்லை.

எண்ணில் வராத பலன் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு உறவுக்குப் பிறகும் காலண்டரில் நாள் எண்ணி, சின்னக் காய்ச்சல் வந்தாலும் இணையத்தில் அறிகுறிகளைத் தேடி, பரிசோதனை முடிவு வரும் வரை தூக்கம் போய் உட்கார்ந்திருக்கிறவர்கள் பலர். பிரெப் தொடங்கிச் சில மாதங்களில் அந்தப் பயம் அவர்களை விட்டு இறங்குவது கண்கூடாகத் தெரியும். அதையும் தாளில் எழுதுங்கள். அதுவும் ஆரோக்கியம்தான்.

படி 3: உடம்பு கொடுக்கும் விலை

முதல் சில வாரங்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் குமட்டல், வயிற்றில் வாயு, தலைவலி, சோர்வு வரலாம். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகோ, படுக்கப்போகும் முன்போ எடுத்தால் குமட்டல் அவ்வளவாகத் தெரியாது. வெறும் வயிற்றில் எடுத்தாலும் மருந்தின் வேலை குறையாது.

சிறுநீரகத்தைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிலருக்கு அதன் வடிகட்டும் திறன் லேசாகக் குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 50 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று இரத்தப் பரிசோதனையில் காட்டும் கிரியேட்டினின் வெளியேற்றத் திறன் 60க்குக் கீழே இருந்தால் இந்த மாத்திரை வழக்கமாகத் தரப்படுவதில்லை. மூட்டுவலிக்கென்று வலி நிவாரணிகளை அடிக்கடி, அதிக அளவில் விழுங்குகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கடையில் தானாக வாங்கிய மாத்திரைதானே என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை.

எலும்பின் அடர்த்தி முதல் சில மாதங்களில் ஓரிரு சதவீதம் குறையலாம். அப்புறம் அப்படியே நிற்கும், மருந்தை நிறுத்தினால் மீளும். ஏற்கெனவே எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்குத்தான் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

அதிகம் பேசப்படாத, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் தொற்று. டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்கும். உங்களுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியாமல் பிரெப் எடுத்து, பிறகு திடீரென நிறுத்தினால், அடங்கிக் கிடந்த வைரஸ் சீறி எழுந்து கல்லீரலைத் தாக்கலாம். அதற்காக ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் பிரெப் எடுக்கவே கூடாது என்றில்லை. மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டும், இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, மருந்துக்கு அடங்காத வைரஸ். ஏற்கெனவே எச்ஐவி தொற்றியிருப்பது தெரியாமல் பிரெப் எடுத்தால், இரண்டே மருந்துகள் அந்தத் தொற்றைக் கட்டுப்படுத்தப் போதாது. வைரஸ் அவற்றுக்குப் பழகி, பின்னால் சிகிச்சை எடுக்கும்போது சில மருந்துகள் பலிக்காமல் போகலாம். இது அரிதாகத்தான் நடக்கிறது. நடந்த இடங்களில் பெரும்பாலும் முதல் பரிசோதனையைத் தவிர்த்தவர்களோ, மிகச் சமீபத்தில் தொற்றியதால் பரிசோதனையில் பிடிபடாதவர்களோதான். முதல் மாத்திரையைவிட முதல் பரிசோதனை முக்கியம் என்று நான் எல்லோரிடமும் விடாமல் சொல்வது இதனால்தான்.

பிரெப் செய்யாதவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சிஃபிலிஸ், கொனோரியா, கிளமிடியா எதையும் அது தடுக்காது. கருவையும் தடுக்காது. இவற்றுக்கு ஆணுறைதான். "மாத்திரை எடுத்தால் ஆணுறையை விட்டுவிடுவார்கள்" என்று சிலர் குற்றம் சொல்வார்கள். விடுகிறவர்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரெப் எடுப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பரிசோதனையும் செய்துகொள்கிறார். வேறு பால்வினை நோய் வந்தாலும் சீக்கிரமே பிடிபட்டு, மருந்து எடுத்துக் குணமாகிவிடுகிறார். ஒரு மருந்தை மறுப்பதற்கு இது காரணமாகாது என்பது என் உறுதியான கருத்து.

கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் இந்த மாத்திரையை எடுக்கலாம். கருத்தடை மாத்திரையோடு மோதாது. திருநங்கைகளும் திருநம்பிகளும் எடுக்கும் ஹார்மோன்களின் வேலையையும் கெடுக்காது.

படி 4: பணமும் நேரமும்

மாத்திரையின் விலையை மட்டும் விசாரித்துவிட்டுச் "சரி, கட்டுப்படியாகும்" என்றோ "கட்டுப்படியாகாது" என்றோ முடிவு செய்துவிடாதீர்கள். மருத்துவர் கட்டணம், எச்ஐவி பரிசோதனை, சிறுநீரகப் பரிசோதனை, பால்வினை நோய்ப் பரிசோதனைகள், போக்குவரத்து, அரை நாள் விடுப்பு என்று மற்ற செலவுகள் வரிசையாக இருக்கின்றன. பல இடங்களில் மாத்திரையைவிடப் பரிசோதனைகள்தான் கையைக் கடிக்கின்றன. அதே சமயம், பல நாடுகளில் அரசு மையங்களோ தொண்டு நிறுவனங்களோ இவற்றை இலவசமாகவே தருகின்றன. முதலில் அங்கே விசாரியுங்கள். காப்பீடு இருந்தால் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: மருந்துக்குப் பணம் தருவீர்களா? பரிசோதனைக்கும் தருவீர்களா? கட்டண விவரம் யார் முகவரிக்கு, யார் பெயரில் போகும்? குடும்பத்தின் காப்பீட்டில் இருப்பவர்களுக்குக் கடைசிக் கேள்வி உயிரான கேள்வி.

முதல் பிராண்டான ட்ருவாடாவின் அதே மருந்தை இன்று பல நிறுவனங்கள் ஜெனரிக்காகத் தயாரிக்கின்றன. விலையில் வித்தியாசம் மிகப் பெரிது, மருந்து ஒன்றே. எம்ட்ரிசிடபினுக்குப் பதிலாக லாமிவுடின் சேர்ந்த மாத்திரையையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. ஒன்று கிடைக்காவிட்டால் மற்றது இருக்கிறதா என்று கேளுங்கள். இணையத்தில் வாங்குவதானால் உரிமம் பெற்ற மருந்தகமா என்று பார்த்து வாங்குங்கள். போலி மாத்திரை போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்புவது, எதுவும் எடுக்காமல் இருப்பதைவிட மோசம்.

தாளில் ஒரு வருடத்துக்கான கணக்கைப் போடுங்கள். தினமும் எடுத்தால் 365 மாத்திரை. தொடக்கத்தில் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று முதல் வருடத்தில் ஐந்தாறு தடவை போய்வர வேண்டும். வருகை ஒன்றுக்கு ஆகும் செலவை இதால் பெருக்குங்கள். உறவு மாதம் ஒருமுறைதான் என்பவருக்கு, அடுத்து நான் சொல்லப்போகும் தேவைக்கேற்ற முறையில் வருடத்துக்கு 48 மாத்திரையே போதும். எட்டில் ஒரு பங்குக்கும் கொஞ்சம்தான் கூடுதல்.

படி 5: எந்த வடிவம் உங்களுக்கு ஒத்துவரும்?

தினசரி மாத்திரை எல்லோருக்கும் பொருந்தும். தொடங்கியதும் காப்பு வந்துவிடாது. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு 7 நாள், யோனி வழி உறவுக்கும் ஊசிப் பழக்கத்துக்கும் 21 நாள் தொடர்ந்து எடுத்த பிறகே முழுக் காப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள். மலக்குடல் திசுவில் இந்த மருந்து சேர்கிற அளவுக்கு யோனித் திசுவில் சேர்வதில்லை. அதனால் பெண்கள் ஒரு நாளும் தவறாமல் எடுப்பது அவசியம்.

தேவைக்கேற்ற முறையை 2-1-1 என்பார்கள். உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு மாத்திரை. முதலில் எடுத்ததிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று. 48 மணி நேரத்தில் இன்னொன்று. உதாரணமாகச் சனிக்கிழமை இரவு சந்திப்பு என்றால் அன்று மாலை 6 மணிக்கு இரண்டு, ஞாயிறு மாலை 6க்கு ஒன்று, திங்கள் மாலை 6க்கு ஒன்று. ஞாயிறும் உறவு நடந்தால் நாளுக்கு ஒன்றாகத் தொடர்ந்து, கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் எடுத்து முடிக்க வேண்டும். பிரான்ஸிலும் கனடாவிலும் நடந்த ஐபர்கே ஆய்வில் இந்த முறை தொற்றை 86 சதவீதம் குறைத்தது. ஆனால் இது ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு நிரூபிக்கப்பட்ட முறை. பெண்களுக்கும், பெண் ஹார்மோன் எடுக்கும் திருநங்கைகளுக்கும், ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கும் பொருந்தாது. இரண்டு மணி நேரத்துக்கு முன்கூட உறவு நடக்குமென்று தெரியாதவர்களுக்கும் தினசரி மாத்திரைதான் சரி.

ஊசிகள் இப்போது வந்துவிட்டன. கேபோடெக்ராவிர் ஊசிக்கு 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இடுப்புத் தசையில் முதல் ஊசி, நான்கு வாரத்தில் இரண்டாவது, அப்புறம் எட்டு வாரத்துக்கு ஒன்று. பெண்களிடையே நடந்த ஆய்வில் தினசரி மாத்திரையைக் காட்டிலும் தொற்றை மிகவும் குறைத்தது. காரணம், இதில் மறப்பதற்கு எதுவும் இல்லை.

லெனகாபவிர் இன்னும் ஒரு படி மேலே. வருடத்துக்கு இரண்டே தடவை, வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவது. 2024இல் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடையே நடந்த ஆய்வில், இதைப் போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அந்த முடிவைப் படித்த நாளில் எனக்குக் கண் கலங்கியது. 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி, ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊசி போட்ட இடத்தில் விரலால் தடவினால் ஒரு சின்னக் கட்டி தட்டுப்படும். அதுதான் மருந்தின் சேமிப்பு. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பயப்பட வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். முதல் ஊசி போடும் நாளிலும் மறுநாளும் இதே மருந்தை மாத்திரையாகவும் விழுங்க வேண்டும், அதைத் தவறவிட்டால் காப்பு தாமதமாகும். 120 நாடுகளுக்காக ஜெனரிக் தயாரிக்க 2024 அக்டோபரில் ஆறு நிறுவனங்களுக்கு உரிமம் தரப்பட்டிருக்கிறது. உங்கள் நாடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள்.

ஊசியின் விலைப்பட்டியலில் ஒரு வரி கூடுதலாக உண்டு. நிறுத்திய பிறகும் மருந்து குறைந்த அளவில் ஒரு வருடத்துக்கு மேல்கூட உடம்பில் தங்கலாம். காப்பாற்ற அது போதாது; ஆனால் அந்த நேரத்தில் தொற்று வந்தால் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளப் போதும். ஆகவே ஊசியை நிறுத்துகிறவர், ஆபத்து தொடர்ந்தால் உடனே மாத்திரைக்கு மாற வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள் எந்த ஊசிக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது இந்த மருந்துகளின் அளவைக் குறைத்துவிடும்.

பெண்களுக்கென்று டாபிவிரின் வளையமும் இருக்கிறது. யோனிக்குள் தாங்களே வைத்து, மாதம் ஒருமுறை மாற்றலாம். மாத்திரை அளவுக்கு வலுவில்லை. மற்ற எதுவும் ஒத்துவராதவர்களுக்கு நல்ல வழி.

படி 6: தொடங்கும் நாள்

அன்று நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், பயம் பாதி குறையும். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், சின்ன பிளாஸ்டிக் அட்டையின் குழிக்குள் விடுவார்கள். மேலே திரவம் சில சொட்டு. வெள்ளைப் பட்டை மெதுவாக நனைந்து ஏறும். 15, 20 நிமிடத்தில் ஒரு கோடு மட்டும் வந்தால், அது அட்டை சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடாக இருந்தால், தொற்று இல்லை. இரண்டாவது கோடு லேசாகத் தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எதிர்மறை என்று வந்தாலும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது: கடந்த நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டைவலி, தோலில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டு எல்லாம் ஒன்றாக வந்ததா? வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். புதுத் தொற்றின் அறிகுறியாக இருக்கலாம், வைரஸையே தேடும் வேறு பரிசோதனை தேவைப்படும்.

கடைசி 72 மணி நேரத்துக்குள் ஆபத்தான உறவு நடந்திருந்தால் அன்று பிரெப் தொடங்கக் கூடாது. அதற்கு வேறு மருந்து, பெயர் பெப். உடனே தொடங்கி 28 நாள் எடுத்து, பரிசோதனை செய்து, அப்படியே இடைவெளி விடாமல் பிரெப்புக்கு மாறிக்கொள்ளலாம். பெயர் ஒரே எழுத்தில் மாறுவதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னால் எடுப்பது பிரெப், பின்னால் ஓடிப்போய் எடுப்பது பெப்.

கையோடு கிரியேட்டினின், ஹெபடைடிஸ் பி, பால்வினை நோய்ப் பரிசோதனைகள். ஹெபடைடிஸ் பி இல்லையென்றால் அதற்கான தடுப்பூசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: முதல் மாதமும் அதன் பிறகும்

தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு மாத்திரையைக் கட்டிவிடுங்கள். பல் துலக்குவது, இரவு போனை சார்ஜ் போடுவது, எதுவாக இருந்தாலும் சரி. காலை எழும் நேரம் மாறிக்கொண்டே இருப்பவருக்குக் காலை மாத்திரை சரிவராது. டப்பாவை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், வாரநாள் பெயர் போட்ட சாதாரண மாத்திரைப் பெட்டிக்கு மாற்றுங்கள். டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை வீசிவிடாமல், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை டப்பாவிலேயே மூடி வையுங்கள். மறந்த நாளில் நினைவு வந்ததும் ஒன்று எடுங்கள், மறுநாள் இரட்டிப்பாக எடுக்க வேண்டாம். எப்போதாவது ஒருநாள் தவறினால் காப்பு சரிந்துவிடாது. வாரத்துக்கு மூன்று நாள் தவறினால் இந்த வடிவம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். அதைக் குற்றமாக நினைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, கிடைக்கும் என்றால் ஊசிக்கு மாறுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்ஐவி, பால்வினை நோய்ப் பரிசோதனை. சிறுநீரகம் இளவயதினருக்கு வருடம் ஒருமுறை, மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. போகும்போதெல்லாம் பழைய தாளையும் எடுத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் எழுதிய வலப்பக்கம் இப்போது இடப்பக்கமாகியிருக்கும். புது வலப்பக்கத்தை எழுதுங்கள்.

பிரெப்பை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆபத்து இருக்கும் காலத்துக்கு மட்டும் எடுத்து, ஓய்ந்ததும் நிறுத்தி, தேவைப்படும்போது மறுபடி தொடங்கலாம். நிறுத்தும்போதும் கணக்கு உண்டு. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் கடைசி உறவுக்குப் பிறகு 2 நாள் எடுத்தால் போதும். மற்றவர்களுக்கு 7 நாள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில நாடுகளின் மருத்துவர்கள் 28 நாள் வரை சொல்வார்கள். உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். மறுபடி தொடங்கும்போது வீட்டில் மீதியிருக்கும் டப்பாவைத் திறந்து அப்படியே விழுங்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் போய் விரல் நுனியில் அந்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.